பெயர்ப் பட்டியல் நீளம்தான், சென்டரில் யார் ஆடுவது?

கேள்வி: நான் பின்தொடரும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியில் பந்தை நடத்தும் கார்டு 7 பேர், பக்கவாட்டில் ஆடும் விங் 6 பேர், கூடைக்கு அருகே நிற்கும் பெரிய ஆளான சென்டர் 2 பேர். இரண்டாவது சென்டருக்கு வயது 36. என்பிஏவுக்கும் அதன் துணை லீகுக்கும் இடையே போய்வரும் டூ-வே ஒப்பந்தத்தில் ஏழடி உயரப் பையன் ஒருவன் இருக்கிறான். "லீகிலேயே டெப்த் (மாற்று ஆள் பலம்) அதிகமுள்ள அணி இதுதான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நன்றாக ஆடும் இரண்டு விங்குகளைக் கொடுத்து ஒரு நட்சத்திர கார்டை வாங்கலாம் என்ற பேச்சும் ஓடுகிறது. எனக்கு சென்டரை நினைத்தால்தான் கவலை. கவலைப்படுவது சரியா? அந்த டிரேட் நல்லதா?

பதில்: கவலை சரி. நீங்கள் எழுதியுள்ளபடி பார்த்தால் அந்த டிரேட் வேண்டாம்.

டெப்த் என்றதும் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது நிமிடங்களை. ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240 நிமிடம். தொடக்க ஐவர் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் 170 போய்விடும். மிச்சம் 70. பெஞ்சிலிருந்து மூன்று பேர் சுமார் 19 நிமிடம் ஆடினால் 57. ஒன்பதாவது ஆளுக்கு 13 கிடைக்கும். பத்தாவது ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் வந்தால் இன்னும் இறுகும்: தொடக்க ஐவர் 39 நிமிடம் ஆடினால் 195, மிச்சம் 45, மூன்று பேருக்கு ஆளுக்கு 15. எட்டுப் பேரோடு கணக்கு முடிந்தது. பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆளாக இருக்கும் கார்டு எவ்வளவு திறமைசாலி என்ற விவாதமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, பொசிஷனுக்குப் பதிலாக வேலைகளை எழுதுங்கள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் யார்? எதிரணியின் சிறந்த விங்கை மறிப்பவர் யார்? மூலையில் நின்று மூன்று புள்ளி எறிந்து இடத்தைத் திறந்துவைப்பவர் யார்? ரிம்முக்குக் (கூடை வளையம்) கீழே நின்று தடுத்து, ரீபவுண்டையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பவர் யார்? ஒவ்வொரு வேலைக்கும் 48 நிமிடத்தை நிரப்பிப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு வேலையில் வரலாம். ஆனால் ஒரே நிமிடத்தில் இரண்டு பெரிய வேலைகளை அவர் தலையில் கட்டாதீர்கள்.

எதற்கு இந்தச் சுற்று என்றால், என்பிஏவில் பொசிஷன் பெயர் பாதிப் பொய். நிக்கோலா யோக்கிச் சென்டர் என்றுதான் பட்டியலில் இருக்கிறார். டென்வரின் தாக்குதலை நடத்துவதும் அவர்தான். அவர் உட்காரும்போது அணியில் இரண்டு ஓட்டை விழுகிறது: ஒரு பெரிய உடம்பு போகிறது, பந்து நடத்துபவரும் போகிறார். இன்னொரு சென்டரை அனுப்பினால் முதல் ஓட்டைதான் அடைபடும். தாக்குதலில் ஒருவருடைய பொசிஷன் அவர் பந்தோடு என்ன செய்கிறார் என்பது. தடுப்பில் அவரால் யாரை மறிக்க முடியும் என்பது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது உங்கள் சென்டர் கணக்கு. முதல் சென்டர் 33 நிமிடம், 36 வயதுக்காரர் 15 நிமிடம், ஆக 48. பார்க்கச் சரியாக இருக்கிறது. மூன்று இடத்தில் உடையும். முதலாவது, ஃபவுல். ஆறாவது ஃபவுலில் வெளியே போக வேண்டும். முதல் குவார்ட்டரிலேயே இரண்டு விழுந்தால் பெரும்பாலான கோச்சுகள் உட்காரவைத்துவிடுவார்கள். ரிம்மைக் காப்பவர் மீதுதான் ஃபவுல் எளிதில் விழும். ஐந்தாவது நிமிடத்திலேயே இரண்டாவது ஆள் உள்ளே வந்துவிட்டால் அவருடைய 15 நிமிடம் 22, 23 ஆகிவிடும். இரண்டாவது, அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம். 36 வயதுக்காரரை இரண்டாவது இரவில் பல அணிகள் இறக்குவதில்லை. அன்று அந்த 15 நிமிடத்துக்கு ஆளே கிடையாது. மூன்றாவது, முதல் சென்டருக்குக் காயம். கிழவரை 24 வரை இழுக்கலாம். மீதி 24 நிமிடம்? உங்கள் 7 கார்டுகளில் யார் ரிம்முக்குக் கீழே நிற்பார்?

சில நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். 2019 மே 12, ஃபிலடெல்ஃபியாவுக்கும் டொரான்டோவுக்கும் பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜோயல் எம்பீட் 45 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆடினார். அவர் களத்தில் இருந்த நேரத்தில் ஃபிலடெல்ஃபியா 10 புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 92-90 என்று தோற்றது. அவர் உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 12 புள்ளி போயிருக்கிறது. எல்லோருக்கும் நினைவிருப்பது கடைசி நொடியில் டொரான்டோவின் கவாய் லெனார்டு எறிந்து, ரிம்மில் நாலு முறை குதித்து விழுந்த பந்து. தொடர் போனது அந்த மூன்று நிமிடத்தில்.

வயதை மட்டும் பார்த்து இரண்டாவது சென்டரைக் கழித்துவிடவும் கூடாது. 2024-ல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அதன் முதல் சென்டர் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் மயாமிக்கு எதிரான முதல் சுற்றில் காயப்பட்டு, இறுதித் தொடர் வரை வரவில்லை. அந்த இடத்தில் தொடங்கியவர் அல் ஹார்ஃபோர்ட். அப்போது அவருக்கு 37 வயது. அவர் மூன்று புள்ளி எறிவார், கார்டு எதிரே வந்தாலும் ஓரளவு மறிப்பார். அவருக்குப் பின்னால் லூக் கோர்னெட் என்ற ஏழடிக்காரரும் இருந்தார், முழு ஒப்பந்தத்தில். உங்கள் அணிக்கும் பாஸ்டனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூன்றாவது ஆள்.

அந்த மூன்றாவது ஆள்தான் டூ-வே பையன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு அணி 15 முழு ஒப்பந்தங்களுக்கு மேல் மூன்று டூ-வே வீரர்களை வைத்துக்கொள்ளலாம். டூ-வே வீரர் வழக்கமான பருவத்தின் 82 ஆட்டங்களில் அதிகபட்சம் 50-க்குத்தான் ஆக்டிவ் பட்டியலில் (அன்று ஆடத் தகுதியுள்ளவர்கள்) இருக்க முடியும். பட்டியலில் இருந்தாலே ஒன்று கழியும், களத்தில் இறங்கினாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. டிசம்பரிலேயே அவரைச் சும்மா உட்காரவைத்து எண்ணிக்கையைக் கரைத்தால் மார்ச்சில் தேவைப்படும்போது கையில் இருக்காது. அணியில் முழு ஒப்பந்தம் 15-க்குக் குறைவாக இருந்தால் டூ-வே வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 90 ஆட்டம் என்று இன்னொரு வரம்பும் தொடங்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, டூ-வே வீரர் பிளேஆஃபில் ஆட முடியாது. ஆட வேண்டுமானால் வழக்கமான பருவம் முடிவதற்குள் அவரை முழு ஒப்பந்தத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு 15-ல் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும். உங்கள் 7+6+2 கணக்கில் இடம் காலியில்லை. யாரையாவது விடுவித்தாக வேண்டும், விடுவித்தவரின் உத்தரவாதச் சம்பளம் கணக்கில் அப்படியே நிற்கும். மாற்றுவது அபூர்வமான காரியம் அல்ல. ஒக்லஹோமா சிட்டியின் லூகென்ட்ஸ் டார்ட் 2019-20 பருவத்தை டூ-வேயில் தொடங்கி, 2020 ஜூனில் முழு ஒப்பந்தம் பெற்றார். அதே ஆண்டு ஹூஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தார். ஆனால் மாற்றும் வரை அந்த ஏழடிப் பையனை மே மாதப் பிளேஆஃப் கணக்கில் எழுதாதீர்கள்.

பெரிய சென்டர் இல்லாமலே ஆடலாமே என்பார்கள். ஆறு, எட்டு நிமிடத்துக்கு ஆடலாம். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன், தன் சென்டர் கிளின்ட் கபேலாவை அனுப்பிவிட்டு 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரை சென்டராக்கி முழு ஆட்டமும் ஆடிப் பார்த்தது. பிளேஆஃப் இரண்டாவது சுற்றில் லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றது. அந்தத் தொடரில் லேக்கர்ஸும் தன் பாரம்பரிய சென்டர்களை உட்காரவைத்துச் சிறிய அணியோடு இறங்கியது உண்மை. ஆனால் அவர்களுடைய 'சிறிய' சென்டர் அந்தோனி டேவிஸ், 6 அடி 10 அங்குலம். உங்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

காயம் வந்தால் லீக் கைகொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். பட்டியல் நிரம்பிய அணி கூடுதல் ஆளைச் சேர்க்க ஹார்ட்ஷிப் விதி இருக்கிறது. அதற்கு நான்கு வீரர்கள் குறைந்தது மூன்று ஆட்டத்தைத் தவறவிட்டு, இன்னும் இரண்டு வாரம் வர முடியாத நிலையில் இருக்க வேண்டும். நான்கு விங் படுத்தாலும் நான்குதான், சென்டர் இருவரும் படுத்தாலும் அது வெறும் இரண்டுதான். எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று கேட்கும் விதி ஒன்றுகூட இல்லை. காயத்தால் பருவம் முழுக்கப் போன வீரருக்காகக் கிடைக்கும் டிஸேபிள்டு பிளேயர் சலுகையும் செலவழிக்கப் பணம் தருமே தவிர, 15-ல் கூடுதல் இடம் தராது. இதற்கு மேல் அன்றாடக் காய அறிக்கை ஒன்று, 'சந்தேகம்' என்று போட்டுவிட்டு 38 நிமிடம் ஆடவைப்பதற்காகவே கண்டுபிடித்தது போல.

இனி டிரேட். நட்சத்திர கார்டு வந்தால் 35 நிமிடம் எடுப்பார். கார்டு வேலைக்கு உங்களிடம் ஏற்கெனவே ஏழு பேர், அவர் எடுக்கும் நிமிடம் அவர்களிடமிருந்துதான் போகும். நீங்கள் கொடுக்கும் இரண்டு விங்குகள் 24-ம் 20-ம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம், 44 நிமிடம். அந்த 44-ஐ யார் ஆடுவது? மீதி நான்கு விங்குகளில் பிளேஆஃப் தரத்துக்கு இருவர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் 6 அடி 3 அங்குல கார்டு ஒருவர் 6 அடி 8 அங்குல விங்கை மறிக்கப் போய், அவர் தாண்டிப் போவார், ரிம்முக்கு உதவிக்கு வரும் உங்கள் சென்டருக்கு ஃபவுல் விழும். சுற்றிச் சுற்றி மறுபடி சென்டரில்தான் வந்து நிற்கும். பீனிக்ஸ் 2023 ஜூனில் பிராட்லி பீலை வாங்கி, கெவின் டுரான்ட், டெவின் புக்கர் என்ற நட்சத்திரங்களோடு சேர்த்தது. புள்ளி எடுக்க மூன்று பேர், பந்து ஒன்று. ஆட்டத்தை நடத்தவென்றே ஒரு பாயின்ட் கார்டு இல்லாமல் 49 ஆட்டம் வென்றது, பிளேஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0 என்று தோற்றது.

சம்பளக் கணக்கையும் முதலில் பாருங்கள். லீக் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஏப்ரன் என்ற இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறது. அணி இரண்டாம் ஏப்ரன் கோட்டுக்கு மேல் இருந்தால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கவே முடியாது. 2025-26 பருவத்துக்கு அந்தக் கோடு சுமார் 20.78 கோடி டாலர். பல 'அருமையான' டிரேட் யோசனைகள் இந்த ஒரே வரியில் செத்துப்போகும்.

அந்த யோசனைகளை விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "மூன்று அணிகள் ஆர்வம்" என்ற செய்தி வந்தால், அந்த வீரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடியும் ஆண்டு என்றால் செய்தி கிளம்பிய இடம் ஏஜென்ட்டின் அலைபேசியாக இருக்க நிறைய வாய்ப்பு. விலை ஏற்ற அவருக்கு இது செலவில்லாத விளம்பரம், ரசிகருக்கு ஒரு வாரத் தூக்கம் கெட்டது மிச்சம். ஐந்து பொசிஷனுக்கு மூன்று மூன்று பெயராகப் போடும் டெப்த் சார்ட்டுகளை எந்தக் கோச்சும் எழுதுவதில்லை. ஃபேன்டஸி ஆப்களில் ஒருவருக்கு 'பவர் ஃபார்வர்டு, சென்டர்' என்று இரண்டு பொசிஷன் காட்டுவது ஆப்பின் வசதிக்கு, அதை வைத்து மூன்றாவது சென்டர் கிடைத்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு 'உள்ளிருந்து வந்த லைன்-அப் தகவல்' தருகிறேன் என்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பெஞ்ச் புள்ளிகளை வைத்து டெப்த்தை அளக்கும் பழக்கமும் உதவாது. தொடக்க ஐவர் அதிகம் ஆடினால் பெஞ்ச் புள்ளி தானாகவே குறையும். சான் அன்டோனியோவின் மனு ஜினோபிலி பல பருவம் பெஞ்சிலிருந்துதான் வந்தார், நெருக்கமான ஆட்டத்தின் முடிவில் களத்தில் இருந்தார். யார் தொடங்குகிறார் என்பதைவிட, கடைசி ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருக்கும்போது யார் நிற்கிறார் என்று கவனியுங்கள். கடந்த 15 ஆட்டங்களின் ஆட்ட விவரத்தை எடுங்கள், 20 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் முடிந்தவற்றைத் தள்ளிவிடுங்கள். முதல் சென்டர் எந்த நிமிடத்தில் வெளியே வருகிறார், அப்போது எதிரணி பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டம்) எத்தனை முறை போகிறது என்று குறியுங்கள். மூன்று, நான்கு ஆட்டத்திலேயே உங்கள் கவலைக்கு எண் கிடைத்துவிடும்.

அணி செய்ய வேண்டியது சின்ன வேலை. 7 கார்டுகளில், அணியின் நிமிட வரிசையில் 9, 10-ம் இடத்தில் இருக்கும் ஒருவரை, பிப்ரவரி டிரேட் கெடுவுக்குள் ஒரு மூன்றாவது சென்டருக்கு மாற்றட்டும். ஒன்றுக்கு ஒன்று, சம்பளம் பொருந்தினால் ஏப்ரன் தொல்லையும் குறைவு. சென்டர் கிடைக்காவிட்டால் அந்த கார்டை ஆளே வாங்காமல் அனுப்பி இடத்தைக் காலி செய்யட்டும். 14 பேரோடு பருவத்தை ஓட்டலாம், அதற்குக் கீழே போனால்தான் ஒரு தடவைக்கு 14 நாள், மொத்தம் 28 நாள் என்ற கெடு. அந்தக் காலி இடத்தில் ஏழடிப் பையனை மாற்றலாம், அல்லது வேறு அணி விடுவித்த சென்டரை எடுக்கலாம். அப்படி எடுப்பவர் மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டிருந்தால்தான் பிளேஆஃபில் ஆட முடியும். முதல் ஏப்ரனுக்கு மேல் உள்ள அணியானால், விடுவிப்புக்கு முன் அவருடைய சம்பளம் லீக் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் மிட்-லெவல் தொகையைத் தாண்டியிருக்கவும் கூடாது, 2025-26 பருவத்தில் அது சுமார் 1.41 கோடி டாலர். பெரிய பெயர்கள் பெரும்பாலும் இந்த வரியில் கழிந்துவிடும். உங்களுக்குத் தேவை 12 நிமிடம் ரிம்முக்குக் கீழே நின்று, ஸ்க்ரீன் போட்டு (எதிரணித் தடுப்பாளரை உடம்பால் மறித்து), ரீபவுண்ட் எடுக்கும் ஒரு பெரிய உடம்புதான், அவர் பெயர் யாருக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.