முதல் கேரவன் பயணம்: ஏற்காட்டுக்கு எப்போது, எப்படி?

கேள்வி: நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் தங்குவதற்கு ஏற்றதாக, காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் டிரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறோம். காலி எடை 700 கிலோ என்றும், சுமையோடு சேர்த்து 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதன் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். எங்கள் டீசல் காரின் எடை சுமார் இரண்டு டன். முதல் பயணமாக, ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில் இரண்டு இரவுகள் தங்க நினைக்கிறோம். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே என்கிறார் கணவர். எனக்கோ கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. போகலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போகலாம், ஆனால் முதல் பயணமாக வேண்டாம். உங்கள் மனம் ஒப்பாததற்குத் தக்க காரணம் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் என்பது சரிதான் என்றாலும், சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், டிரெய்லர் இழுப்பவர் கணக்கில் கொள்ள வேண்டியது இடையிலுள்ள அந்த 1,200 மீட்டரையும், அடிவாரத்துக்கு மேலே வரிசையாக வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும்தான்.

பெரும்பாலோர் ஏற்றத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். ஏற்றத்தில் வண்டி திணறினால் ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜின் சூடு தணிந்த பிறகு போகலாம். கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. காரும் டிரெய்லரும் சேர்ந்து மூன்று டன் எடை 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதில் பெரும்பகுதியை இன்ஜின் தாங்கவில்லையென்றால் பிரேக்தான் தாங்க வேண்டும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால், மிதித்தாலும் பிடிக்காது. லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்ற விதி உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டிராமல், தேவைப்படும்போது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் உந்துவதால் தானாகவே இயங்கும் வகைப் பிரேக் உங்கள் டிரெய்லரில் இருக்குமானால், நீண்ட இறக்கத்தில் அது கொஞ்சமும் ஓய்வின்றி உரசிக்கொண்டே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதுகாப்பாக ஒதுங்கக் கூடிய அகலமான இடங்களில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். கருகிய வாடை வந்தால் அரை மணி நேரமாவது நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வளைவுகளைப் பொறுத்தவரை, டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்திலேயே வருவதில்லை. வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். கார் தப்பிவிட்ட மைல்கல்லிலும் தடுப்புச் சுவரிலும் டிரெய்லர் மோதுவது இதனால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒலி எழுப்பி, எதிரே பேருந்து வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, வழக்கத்தைவிடத் தாமதமாகவும் அகலமாகவும் திரும்ப வேண்டும். இந்தக் கணிப்பு ஓட்டுநரின் கண்ணிலும் கையிலும் படிவதற்குச் சில நாள் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பேருந்துகளும் சுற்றுலா வேன்களும் நெருக்கும் மலைப்பாதையில் பெற முயல்வது உங்களுக்கும் பிறருக்கும் ஆபத்து. ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழி அகலம் குறைந்தது என்பதால், அதை மாற்றாக நான் சொல்ல மாட்டேன். மேலும் கோடை விழா நாட்களில் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வந்தால் உங்கள் விருப்பத்துக்கு வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த நாட்களில் டிரெய்லருடன் ஏற்காட்டுக்குப் போகவே வேண்டாம்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே, டிரெய்லருக்குள் ஐந்து பேரும் படுத்துக் கழியுங்கள். பிள்ளைகள் இதற்கே குதூகலப்படுவார்கள். மாமியாருக்குப் படி உயரமாக இருக்கிறதா, இரவில் எழுந்தால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, கதவருகே உள்ள படுக்கை அவருக்கு வசதியா என்பவையெல்லாம் அன்றிரவே தெரிந்துவிடும். கூடுதலாக ஒரு படிக்கட்டு வாங்க வேண்டுமானால் கடையும் பக்கத்தில்தான். அடுத்து ஒரு சமவெளிப் பயணம். மேட்டூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கு தெரிந்தவர் வீட்டு வளாகத்தில் ஓர் இரவு தங்கி வரலாம். புதிய டிரெய்லரின் சக்கர நட்டுகள் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தளர்வது இயல்பு என்பதால், போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை அவற்றை முறுக்கிப் பாருங்கள். இவ்வளவும் ஆன பிறகு, வார நாள் ஒன்றில் பொழுது நன்றாக விடிந்த பின் மலையேறுங்கள்.

அதற்கு முன்னால் எடைமேடை. லாரித் தொழிலில் ஊறிய இந்த வட்டாரத்தில் எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை. தகட்டின்படி உங்களுக்கு மிஞ்சுவது 300 கிலோ. தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர் என்றால் அதுவே 60 கிலோ. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ. வீட்டில் புழங்கும் 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இரும்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை விட்டுவிட்டு 5 கிலோ சிலிண்டரைக் கொண்டுபோங்கள். மெத்தை, பாத்திரம், மடக்கு நாற்காலி, அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டே போனால் 300 கிலோ கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். தண்ணீரை மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று தோட்டக்காரர் சொன்னால், தொட்டியைக் காலியாகவே ஏற்றுங்கள். எவ்வளவு இழுக்கலாம் என்பது காரின் கையேட்டில் இருக்க வேண்டும். பல கார்களுக்கு அது குறிப்பிடப்படவே இல்லை. அப்படியானால் கார் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் பெறாமல் மலைப்பக்கம் திரும்ப வேண்டாம்.

கேள்வி: டிரெய்லருக்குத் தனிப் பதிவு தேவையா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தேவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனி வாகனமாகவே கருதுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் டிரெய்லர், மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, போக்குவரத்து அல்லாத வாகனங்களின் வகையில் வருகிறது. டிரெய்லருக்கு உரிய எண்ணோடு, இழுக்கும் காரின் பதிவு எண்ணும் டிரெய்லரில் தெரியும்படி இருக்க வேண்டும் என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. டிரெய்லரைப் பூட்டியிருக்கும்போது நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று காரின் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பேருந்து முந்திச் செல்லும்போதெல்லாம் எங்கள் புது டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. டயரில் காற்று சரியாகவே இருக்கிறது. எதனால்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: பெரும்பாலும் சுமை பின்பக்கம் கூடியிருப்பதால். டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கிப் பந்தின் (டிரெய்லரைப் பூட்டுவதற்காகக் காரின் பின்னால் உள்ள இரும்பு உருண்டை) மீது அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது; அந்த எடை, காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளும் இருக்க வேண்டும். பின்சுவரை ஒட்டித் தண்ணீர்க் கேன்களையும் சைக்கிள்களையும் ஏற்றியிருந்தால் முன்முனை லேசாகி, டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கனமானவற்றை அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக வையுங்கள்.

ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்புவதும், பதறிப்போய்க் காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகமெடுத்து இழுத்துவிடலாம் என்று நினைப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

இதோடு தொடர்புடைய ஒரு சோதனையை ஒவ்வொரு முறை பூட்டும்போதும் செய்யுங்கள். டிரெய்லரின் கொக்கி பந்தில் அமர்ந்து ‘டக்’ என்று ஒலித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பந்தின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, கவ்வியிருக்காத கொக்கியும் அதே ஒலியைத் தரக்கூடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்பக்கச் சிறு சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன்முனையை மேலே உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் கூடவே இரண்டு விரற்கடை எழும்பினால் கொக்கி கவ்வியிருக்கிறது. கார் அசையாமல் முனை மட்டும் எழும்பினால் கழற்றி மறுபடியும் பூட்டுங்கள். பிறகு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் முன்முனை சாலையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: மார்கழியில் ஏற்காட்டுக் குளிருக்கு டிரெய்லருக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? சமையலையும் உள்ளேயே செய்துகொள்ளலாமா?
– வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: கரி அடுப்பு கூடவே கூடாது. கனன்று கொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர் விழித்துக்கொள்ளாமலே உயிரிழக்கிறார். மூடிய அறையிலும் காருக்குள்ளும் இப்படிக் குடும்பங்கள் மாண்ட செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்துகொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கேஸ் அடுப்பைக் குளிர் காய்வதற்காக எரியவிடுவதும் தவறு. கம்பளி, காலுறை, படுக்கைக்கு அடியில் தடித்த விரிப்பு, வெந்நீர்ப் பை ஆகியவை போதும். ஐந்து பேர் மூச்சு விடும் சிறிய இடத்தில் விடியும்போது சுவர்களில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். குளிர்ந்தாலும் எதிரெதிரே இரண்டு சன்னல்களை விரற்கடை அளவு திறந்தே வையுங்கள்.

சமையலை வெளியே, மேற்கூரைத் துணியின் கீழ் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். உள்ளே சமைப்பதாயின் சன்னலும் கூரைத் திறப்பும் திறந்திருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரையில் உள்ள காற்றுத் துளையைப் பாயாலோ செருப்பாலோ அடைத்துவிடாதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் வடிக்கும் சோறும் பருப்பும் வேக நேரமாகும், குக்கரைக் கொண்டுபோங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியளவுதான் எடுக்கலாம் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 600 வாட்-மணி. விளக்கு, மின்விசிறி, செல்போன் ஆகியவற்றுக்கு அது தாராளம், அடுப்புக்கு ஆகாது.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் டிரெய்லரோடு வந்து தங்கலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அனுமதிப்பதற்கு முன் நாங்கள் கவனிக்க வேண்டியவை என்ன?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: இடம் கொடுப்பவர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம் என்பதால், இந்த மலையில் குடும்பங்கள் முறையாகத் தங்க உங்களைப் போன்றவர்களின் நிலமே வாய்ப்பு.

முதலில் வாயிலையும் உள்பாதையையும் பாருங்கள். தோட்டப் பாதைகள் ஜீப்புக்கென அமைந்தவை; டிரெய்லருடன் வருபவர் திரும்பிப் போக இடமில்லாமல் பின்னோக்கியே போக நேர்ந்தால் செடிகள் பாழாகும். உறவினர் வருவதற்கு முன்பே பாதையின் படங்களை அவருக்கு அனுப்புங்கள். களமோ கார் நிறுத்துமிடமோ போல இறுகிய தரையைக் கொடுங்கள். சரிவின் அடியிலும், காய்ந்த கிளை தொங்கும் சில்வர் ஓக்கின் கீழும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் யாரையும் டிரெய்லரோடு அழைக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள்.

பாத்திரம் கழுவிய நீரை வாளியில் பிடித்து, ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி ஊற்றச் சொல்லுங்கள். டிரெய்லரின் கழிப்பறைப் பெட்டியை எங்கே கொட்டுவது என்பதை வந்த அன்றே காட்டிவிடுங்கள். உங்கள் கழிவுத் தொட்டியில்தான் கொட்ட வேண்டும் என்றால், ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை அதில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

காட்டெருமை நடமாட்டம் உங்களுக்குப் பழகியது, வருபவர்களுக்குப் பழக்கமில்லை. இருட்டிய பின் டார்ச் இல்லாமல் காபிச் செடிகளுக்குள் போகக் கூடாது என்பதையும், காட்டெருமையைக் கண்டால் அருகே போய்ப் படமெடுக்காமல் அமைதியாகப் பின்வாங்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். மீந்த சோற்றையும் பழத்தோலையும் வெளியே வைத்தால் குரங்குகள் விடியும் முன்பே வந்துவிடும்; மூடியுள்ள குப்பைத் தொட்டி ஒன்றை டிரெய்லருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, இரவில் அதை உங்கள் கொட்டகைக்குள் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.