சூளை மூட்டுவது யார் என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி பதில்: மண் வேலை

கேள்வி: அக்கா, மூன்று வருடமாக வார இறுதி வகுப்பில் வீலில் வனையக் கற்றுவருகிறேன். 29 வயது, கணக்குப் பிரிவில் வேலை. கிண்ணம், குவளை, மூடியுள்ள ஜாடி எல்லாம் கைக்கு வருகின்றன. ஆனால் ஆறு குவளை செய்தால் ஆறும் ஆறு விதமாக இருக்கும். கிளேஸை (வெந்தபின் பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சு) வகுப்பில் கலந்து வாளியில் வைத்திருப்பார்கள், நாங்கள் முக்கி எடுப்போம். இதையே தொழிலாகச் செய்ய ஆசை. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட உயர்நிலை செராமிக்ஸ் படிப்பில் சேரலாமா, இல்லை ஒரு பட்டறையில் உதவியாளராகப் போய்விடலாமா? படிப்பு என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: படியுங்கள். ஆனால் பணம் கட்டுமுன் அந்த இடத்துக்கு நேரில் போய், அங்கே படிக்கும் ஒரு மாணவரைத் தனியாகப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே சூளையை அடுக்கி மூட்டுவது யார்?" "நாங்கள்தான், முறை போட்டுச் செய்கிறோம்" என்று பதில் வந்தால் சேருங்கள். "அதற்கு ஒருவர் இருக்கிறார், பொருளை அலமாரியில் வைத்தால் வெந்து வந்துவிடும்" என்று வந்தால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் படித்த இடத்தில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். வடிவம் பற்றி அவர்கள் சொல்லிக்கொடுத்தது இன்றும் என் கையில் இருக்கிறது. ஆனால் கிளேஸ் வாளியில் தயாராக வந்தது, சூளையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். சான்றிதழோடு வெளியே வந்தபோது நான் ஒரு தடவைகூடத் தனியாகச் சூளை மூட்டியதில்லை. முதல் பெரிய ஆர்டர் 60 கிண்ணங்கள். பளபளவென்று வெந்து வந்தன, கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் தொலைபேசி அழைப்பு வந்தது. கிண்ணங்களின் உட்புறம் முழுக்க மெல்லிய வலைபோல் விரிசல், அந்த விரிசல்களில் பழுப்பு நிறம். அறுபதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

விரிசல் ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் அன்று என்னை அழவைத்தது. பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து, கிளேஸ் படாத அடிப்பகுதியை உடைத்து, நன்றாகக் காயவைத்து எடை பார்த்தேன். ஐந்து மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, ஒரு நாள் அதே நீரில் ஊறவிட்டு, மேலீரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பார்த்தேன். நூறு கிராமுக்கு ஐந்து கிராம் நீரைக் குடித்திருந்தது. அது கோன் 10 வரை போனால்தான் இறுகும் மண். (கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு. அது வளைவதை வைத்துச் சூட்டை அளப்போம். கோன் 10 என்றால் கோன் 6-ஐவிடக் கூடுதல் சூடு.) நான் சுட்டதோ கோன் 6. மண் இறுகவே இல்லை. இறுகாத மண் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்ல உப்பும், மேலே இருக்கும் கிளேஸ் அந்த இழுவையைத் தாங்காது. போதாததற்கு என் கிளேஸில் சோடா (சோடியம்) அதிகம். சோடா அதிகமான கிளேஸ் ஆறும்போது மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கும். அளவு குறைந்த சட்டையைப் பொத்தான் போட்டு இறுக்கியது மாதிரிதான், எங்காவது தெறித்தே தீரும். கோன் 6-இல் இறுகும் மண்ணுக்கு மாறினேன். கிளேஸின் சுருக்கத்தைக் குறைக்க அதில் சிலிக்காவை (மணலில் இருக்கும் அதே பொருள், பொடியாக) படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை வில்லை சுட்டேன். சரியாக வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாத வேலையைத்தான் இரண்டு வருடப் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மண் வேலையில் ரசாயனம் எதற்கு, கை பேசினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எளிமையான நாட்டுப்புறப் பாத்திரங்களுக்காக உலகம் கொண்டாடும் ஜப்பானியக் கலைஞர் ஷோஜி ஹமாடா, டோக்கியோவில் தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக்ஸ் படித்தவர். பிறகு கியோட்டோவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு மண் கலைஞரான கன்ஜிரோ கவாயுடன் சேர்ந்து கிளேஸ் சோதனைகளிலேயே பல காலம் மூழ்கியிருந்தார். அதற்கு அப்புறம்தான் 1920-இல் ஆங்கிலேய மண் கலைஞர் பெர்னார்ட் லீச்சோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய்ப் பட்டறை தொடங்கினார். அவருடைய பாத்திரத்தில் தெரியும் அந்த அலட்டாத எளிமைக்குப் பின்னால் எத்தனை சோதனைகள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

படிப்பா பட்டறையா என்றால், இரண்டும் வேண்டும். உங்களுக்கு முதலில் படிப்பு. பட்டறையில் கை பழகும், ஆர்டர் எப்படி வருகிறது, எப்படிக் கட்டி அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும். ஆனால் ஒரு சூளை கெட்டால் அங்கே மாத வருமானமே போய்விடும். புதிதாக வந்த உங்களை நம்பிச் சோதனை கிளேஸை உள்ளே வைக்க யாருக்கும் மனம் வராது, அதில் தப்பும் இல்லை. கெடுப்பதற்கும் கெட்டது ஏன் என்று உட்கார்ந்து பார்ப்பதற்கும் நேரம் கிடைக்கும் ஒரே இடம் படிப்புதான். இரண்டாம் வருட விடுமுறையில் பட்டறைக்குப் போங்கள்.

அதுவரை ஆறு குவளைப் பிரச்சினையை நீங்களே தீர்க்கலாம். மண்ணை 400 கிராம் உருண்டைகளாக எடை போட்டு வையுங்கள். கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரே குவளையை நாற்பது தடவை வனையுங்கள். வேறு எதுவும் செய்யக் கூடாது. பத்துக்கு ஒன்றைக் கம்பியால் நெடுக்காக அறுத்து, சுவர் எங்கே தடிக்கிறது, அடி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். எனக்கு முதல் இருபதில் அடி எல்லாவற்றிலும் கனமாகவே இருந்தது. சுவர்தான் தவறு என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அளவிலும் ஒரு கண்ணி உண்டு, நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள். உங்கள் மண் ஈரத்திலிருந்து வெந்து முடிவதற்குள் 12 சதவீதம் சுருங்குகிறது என்று வையுங்கள். வெந்தபின் 10 செ.மீ. வாய் வேண்டுமென்றால் பலர் 12 சதவீதத்தைக் கூட்டி 11.2 செ.மீ. வனைகிறார்கள். அது வெந்தால் 9.86 தான் வரும். 10-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 11.4. ஒன்றரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மூடி உட்காராதபோது புரியும்.

இன்னொன்று: ஒவ்வொரு சூளைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த மண், எந்தக் கிளேஸ், எந்தத் தட்டில் எங்கே வைத்தது, மணிக்கு எவ்வளவு ஏறியது, எப்போது அணைத்தது. பேரேடு எழுதிப் பழகிய கை உங்களுடையது. நேர்முகத்துக்குப் போகும்போது அழகான பத்துப் படங்களோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். நானாக இருந்தால் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.

கேள்வி: படிப்பு முடிக்கப் போகிறேன். முதலில் சொந்தச் சூளை வாங்கிவிட வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

பதில்: முதல் வருடம் வேண்டாம். என்ன செய்து விற்கப்போகிறோம் என்று தெரியாமல் சூளை வாங்கினால், சூளைக்கு ஏற்றபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடுவீர்கள். செம்புச் சிவப்பு (செம்பு சேர்த்த சிவப்புக் கிளேஸ்), செலடான் (வெளிர் பச்சைக் கிளேஸ்) என்று மனம் போனால் ஆக்சிஜனைக் குறைத்துச் சுட வேண்டும், சாதாரண மின்சூளை அதற்கு ஒத்துவராது. அதே செம்பு மின்சூளையில் பச்சையாகத்தான் வரும். யாருடைய சூளையிலாவது இடம் வாடகைக்கு எடுங்கள். முதலில் 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள், கூடவே ஒரு பெட்டி கோன்.

டிஜிட்டல் மீட்டர் இருக்கும்போது கோன் எதற்கு என்று கேட்காதீர்கள். மீட்டர் வெப்பத்தை மட்டும் சொல்லும். அந்த வெப்பத்தில் மண்ணும் கிளேஸும் எவ்வளவு நேரம் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வது வளைகிற கோன்தான். 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் கொண்டுவந்த உத்தி, இன்றும் அசைக்க முடியவில்லை. கடைசி நூறு டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் கோன் 6 சுமார் 1222 டிகிரி செல்சியஸில் வளையும். வேகமாக ஏற்றினால் இன்னும் இருபது டிகிரி கூடக் கேட்கும். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றிலும் வையுங்கள். மூன்றும் ஒரே மாதிரி வளையாது, அந்த வித்தியாசம்தான் அந்தச் சூளையின் குணம்.

முதலில் வருமானத்துக்கு எது வந்தாலும் மரியாதையாகச் செய்யுங்கள். மண் கலைஞர் லூசி ரீ 1938-இல் வியன்னாவை விட்டு லண்டன் வந்து, உடைகளுக்கான பீங்கான் பொத்தான்கள் செய்து பிழைத்தார். அந்தப் பொத்தான்களின் கிளேஸையும் அவர் பாத்திரத்தின் கிளேஸைப் போலவே கவனித்தார்.

கேள்வி: வீட்டின் ஒரு அறையில் மண் வேலை செய்கிறேன். தினமும் பெருக்குகிறேன், ஆனாலும் தூசி அடங்கவில்லை. இருமல் வருகிறது.

பதில்: இருமலுக்கு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். துடைப்பத்தை இன்றே வெளியே வையுங்கள். காய்ந்த மண்ணில் இருக்கும் சிலிக்காத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. பெருக்கும்போது எழும்பி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், நுரையீரலுக்குள் போனால் வடு விழும், அந்த வடு ஆறாது. தரையையும் மேசையையும் ஈரத் துணியால் துடையுங்கள், துணி காயுமுன் அலசுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஈரப் பஞ்சால் சரிசெய்யுங்கள். கிளேஸ் பொடி கலக்கும்போது துகள் வடிகட்டும் முகக்கவசம் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், துணி போதாது. மண் பட்ட மேலாடையோடு படுக்கையறைக்குப் போகாதீர்கள்.