திட்டாத சூப்பர்வைசரிடம் வேலை நடக்குமா?

"கண்டிப்பு இல்லாவிட்டால் ஆட்கள் ஏய்க்க மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. சதையில் ஓட்டுத் துண்டு கிடந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார், அதனால் யார் தட்டில் வந்தது என்பதையே மறைத்துவிடுவார்கள். அடுத்து வந்த அக்கா கத்தவில்லை, தானும் கூட உட்கார்ந்து எடுத்துப் பார்த்தார், அந்த மூலையில் டியூப்லைட் மங்கல் என்று தெரிந்தது, மாற்றினார், அவ்வளவுதான்.

நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் விஷயமும் இதேதான்: 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் செய்த எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், 1980 ஜூலையில் ஜெயித்ததும் பேசக் கலாமை அனுப்பினார்.

அப்புறம், சனிக்கிழமைக் கூலியை இழுத்தடித்துக்கொண்டு இதையெல்லாம் செய்தால் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.