தண்ணீர் தேங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமா?

கேள்வி: யூரியா போட்ட நிலத்தில் தண்ணீர் தேங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும் என்கிறார்கள். அப்படியானால் தண்ணீர் கூடக் கூட வாயுவும் கூடுமா?

பதில்: கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் குறையவே செய்யும். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் சுவாசத்துக்கு இந்த நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும், அது நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று படிப்படியாக மாறிக் கடைசியில் வெறும் நைட்ரஜனாகிவிடும். நைட்ரஜனால் தொந்தரவில்லை, காற்றில் 78 சதவீதம் அதுதானே. கடைசிப் படி நடக்காமல் பாதியில் நின்றால்தான் வம்பு, ஏனென்றால் 100 ஆண்டுக் கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும்.

அந்தக் கடைசிப் படியைச் செய்யும் நொதி ஒரு தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் ஆக்சிஜன் பட்டாலே முடங்கிவிடும். ஈரமான மண்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்திருக்கும், மேற்புறத்திலோ காற்றோட்டம் இருக்கும், அதனால் நைட்ரேட் சிதைவது நடக்கும், ஆனால் முடிவு வரை போகாது. மண் துளைகளில் ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம் தண்ணீர் இருக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு உச்சத்தில் இருப்பது இதனால்தான். அதையும் தாண்டி நிரம்பினால் வாயு எளிதில் வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கி நைட்ரஜனாகிவிடும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சித் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு ஏறலாம். இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதே இல்லை.

கேள்வி: தண்ணீர் மட்டும்தான் காரணமா?

பதில்: இல்லை. நைட்ரேட் ஏராளமாகக் கிடந்தால் பாக்டீரியா அதைத்தான் முதலில் எடுக்கும், நைட்ரஸ் ஆக்சைடைச் சீண்டாது. அதனால் உரத்தை மொத்தமாகக் கொட்டிய கையோடு மழை பெய்தால் அதுதான் மோசமான நேரம். புளித்த மண்ணில், அதாவது கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கிய மண்ணில், அந்த நொதி சரியாக உருவாவதே இல்லை, அங்கே சுண்ணாம்பு இடுவது உதவும். நொதிக்குத் தாமிரமும் வேண்டும். குளிரில் மொத்த வேகமும் மந்தமாகும், ஆனால் வரும் வாயுவில் நைட்ரஸ் ஆக்சைட்டின் பங்கு ஏறும். பூஞ்சைகளும் இதே வேலையைச் செய்கின்றன, அவற்றிடம் கடைசி நொதியே கிடையாது.

கேள்வி: அப்போ எரு போட்டால் சரியாகுமா?

பதில்: நைட்ரேட் குறைவாக இருந்தால் சரியாகும். பாக்டீரியாவுக்கு இரை நிறையக் கிடைப்பதால் நைட்ரஸ் ஆக்சைடையும் விட்டுவைக்காது. பச்சையான எருவையும் யூரியாவையும் சேர்த்துப் போட்டு ஈரத்தில் விட்டால் நேர்மாறாகப் போகும்: இரையும் இருக்கும், நைட்ரேட்டும் இருக்கும், எரு மட்கும்போது ஆக்சிஜனும் தீரும்.