பட்ஜெட் செய்தியைப் பார்த்து ஓய்வுக்காலச் சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம்; இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,28,000 டாலர். மூத்த மகள் 12-ஆம் வகுப்பில் படிக்கிறாள், 2026 இலையுதிர் பருவத்தில் கல்லூரிக்குப் போவாள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யூ.சி.), கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் (கால் ஸ்டேட்) இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறாள். இளையவன் 8-ஆம் வகுப்பு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பட்ஜெட்டை மாநிலம் வெட்டுகிறது என்று 2025 தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். கட்டணம் ஏறி, உதவித்தொகையும் நின்றுவிட்டால் என்ன செய்வது? கணவருக்குப் பழைய நிறுவனத்தின் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கிறது. அதிலிருந்து 40,000 டாலரை இந்த 2025 டிசம்பருக்குள் எடுத்து வங்கியில் போட்டு வைக்கலாமா? அவருக்கு வயது 47.

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் டிசம்பர் என்று நாள் குறித்துவிட்டதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த 40,000 டாலரில் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு 59½ வயது ஆகவில்லை என்பதால் கூட்டரசுக்கு 10 சதவீத அபராதம்: 4,000. மாநிலத்துக்கும் 2.5 சதவீதம் தனியாக உண்டு: 1,000. பிள்ளையின் படிப்புக்காக எடுத்தேன் என்று சொன்னாலும் 401(கே)-யில் அபராத விலக்குக் கிடையாது, ஐ.ஆர்.ஏ. என்னும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில்தான் அந்தச் சலுகை. எடுக்கும் தொகை முழுவதும் உங்கள் சம்பளத்தின் மேல் ஏறி உட்காரும், 22 சதவீத வரி அடுக்கில். அதில் 8,800 போகும். மாநில வருமான வரி 3,000-க்கு மேல். கடைசியில் மிஞ்சுவது 23,000 டாலரை ஒட்டித்தான் இருக்கும்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. கல்லூரி உதவிக்கு விண்ணப்பிக்கும் கூட்டரசுப் படிவமான ஃபாஃப்சா, இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கும். 2025-இல் எடுத்த பணம் 2027-28 படிவத்தில், மகளின் இரண்டாம் ஆண்டில், வருமானமாக வந்து நிற்கும். 1,28,000 என்பது 1,68,000 ஆகிவிடும். மாநிலம் தரும் கேல் கிரான்ட் உதவித்தொகைக்குப் புதுப்பிக்கும் ஆண்டிலும் வருமான வரம்பு பார்ப்பார்கள். உங்கள் குடும்பம் அந்த வரம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இந்த 40,000 சேர்ந்தால் தாண்டிவிடும். ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும்வரை படிவம் அந்தப் பணத்தைச் சொத்தாகக் கணக்கிடுவதில்லை. வங்கிக்கு மாறிய நாளிலிருந்து கணக்கிடும். அரசு உதவி நின்றுவிடுமோ என்று பயந்து எடுக்கும் பணமே அந்த உதவியை நிறுத்திவிடக்கூடும்.

ஆனால் உங்கள் பயம் ஆதாரமற்றது அல்ல. இந்த மாநிலத்தின் வருவாய் பெருமளவு உயர் வருமானக்காரர்களின் வருமான வரியை நம்பியிருக்கிறது. பங்குச் சந்தை சரிந்தால் கஜானாவும் சரியும். அப்போது பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கும் 1988-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ராபசிஷன் 98 என்ற சட்டம் ஒரு குறைந்தபட்ச ஒதுக்கீட்டைக் காப்பாற்றித் தருகிறது. யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் அந்தக் காப்பு இல்லை. மாணவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழி இருப்பதாலேயே வெட்டு முதலில் அங்கே விழுகிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வேலை போய் வீடுகள் திண்டாடும் ஆண்டில்தான் கட்டணமும் ஏறுகிறது. 2009 நவம்பரில் யூ.சி. ஆட்சிக்குழு ஒரே கூட்டத்தில் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்தியது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே அடி விழுந்தது.

அதற்குப் பிறகு விதி மாறியிருக்கிறது. யூ.சி. 2021-இல் ஒரு முடிவெடுத்து, 2022 இலையுதிர் பருவம் முதல் நடைமுறைப்படுத்தியது: ஒரு மாணவர் சேரும் ஆண்டில் என்ன கட்டணமோ, அதுவே அவருக்கு ஆறு ஆண்டுகள்வரை மாறாது. உயர்வு எல்லாம் அடுத்து வரும் அணிகளுக்கே. 2022-இல் சேர்ந்தவர் ஆண்டுக்கு 13,104 டாலரிலேயே படிப்பை முடிக்கலாம். 2025-இல் சேர்ந்தவருக்கு 14,934. உங்கள் மகளின் அணிக்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவள் படிக்கும் நான்கு ஆண்டும் அதே தொகைதான். கால் ஸ்டேட்டில் இந்தப் பூட்டு இல்லை. அங்கே 2024 முதல் ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்: 5,742-இல் தொடங்கி 2028-29-இல் 7,682. எல்லா மாணவர்களுக்கும் பொருந்தும், வளாகக் கட்டணம் தனி. உயர்வுதான் என்றாலும் தெரிந்த உயர்வு, பட்ஜெட் போட்டுவிடலாம்.

செய்தியை எப்படிப் படிப்பது என்பதற்கு 2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆளுநரின் முன்மொழிவில் இரு பல்கலைக்கழகங்களுக்கும் கிட்டத்தட்ட 8 சதவீத வெட்டு. மே மாதத் திருத்தத்தில் அது 3 சதவீதம் ஆயிற்று. ஜூனில் கையெழுத்தானபோது வெட்டாக இல்லாமல், அந்த 3 சதவீதத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடாக முடிந்தது. ஜனவரித் தலைப்பைப் பார்த்து 401(கே)-யை உடைத்தவர்களுக்கு ஜூனில் யாரும் அபராதத்தைத் திருப்பித் தரவில்லை. ஜனவரியில் வருவது பேரத்தின் முதல் விலை. சட்டமன்றம் ஜூன் 15-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டும், அதுவரை எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள்.

ஏப்ரலில் பல்கலைக்கழகங்களிலிருந்து உதவிக் கடிதங்கள் வரும். அதில் உள்ள வரிகளெல்லாம் ஒரே பலம் உள்ளவை அல்ல. ‘கேல் கிரான்ட்’ என்ற வரி, பள்ளி முடித்த கையோடு தகுதியுடன், நாள் தவறாமல் விண்ணப்பித்தவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை. கட்டணம் ஏறினால் அதுவும் சேர்ந்து ஏறுவதே இதுவரையிலான வழக்கம். அதற்குக் கீழே ‘மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்’ என்று ஒரு வரி இருக்கலாம், பக்கத்தில் ‘உத்தேசம்’ என்ற சொல்லோடு. அந்தச் சொல்லை விரல் வைத்துப் படியுங்கள். அந்த ஆண்டு மாநிலம் ஒதுக்கும் மொத்தப் பணத்தைத் தகுதியுள்ள எல்லோருக்கும் பங்கு பிரித்துத் தருவது அது. 2024 மே மாதத்தில் அந்த நிதியின் பெரும்பகுதியை வெட்ட முன்மொழிந்தார்கள், ஜூனில் மீட்டுவிட்டார்கள். வந்தால் மகிழ்ச்சி. வீட்டுக் கணக்கில் மட்டும் பாதிக்கு மேல் அதை எழுதாதீர்கள்.

இன்னொன்று, பட்ஜெட் விவாதங்களில் அதிகம் பேசப்படாதது. யூ.சி. விடுதியில் தங்கிப் படித்தால் ஆண்டுச் செலவு 40,000 டாலரைத் தாண்டும். அதில் கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி அறை வாடகை, சாப்பாடு, புத்தகம், பயணம். மாநிலம் எவ்வளவு தாராளமாக ஒதுக்கினாலும் இந்தப் பங்கு உங்கள் கையிலிருந்துதான் பெருமளவு போகும். அதனால் அவள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கால் ஸ்டேட் ஈஸ்ட் பே, சான் ஹோசே ஸ்டேட் இரண்டும் பட்டியலில் இருக்கட்டும். கம்யூனிட்டி காலேஜையும் குறைவாக நினைக்க வேண்டாம். யூனிட் என்னும் பாட அளவு ஒன்றுக்கு 46 டாலர் என்பது 2012 முதல் மாறவில்லை. 30 யூனிட் எடுத்தாலும் ஆண்டுக்கு 1,380. உரிய மதிப்பெண் இருந்தால் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யூ.சி. வளாகங்களில் இடமாற்ற உறுதி கிடைக்கும். நம் வீடுகளில் இதை மரியாதைக் குறைவாகப் பேசுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரண்டு ஆண்டு அங்கே படித்து யூ.சி.க்கு மாறி முடித்தால், அதே யூ.சி. பட்டம்தான் கைக்கு வரும்.

இனி செய்ய வேண்டியது. ஃபாஃப்சாவை மார்ச் 2-க்குள் அனுப்பியாக வேண்டும். இந்த மாதமே அனுப்பிவிட்டால் நிம்மதி. மகளின் மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று, அந்த ஆணையத்தின் இணையதளமான வெப்கிரான்ட்ஸில் அவளுடைய கணக்கில் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி அனுப்பியிருக்கும் என்று நம்பி இருந்துவிட்டு, பெயர் எழுத்துப் பிழையால் பதிவு பொருந்தாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பெயர்களில் முன்பெயர், தந்தை பெயர் இடம் மாறி விழுவது சகஜம். சமூகக் காப்பு அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பணத்துக்கு வழி வேண்டுமே என்பீர்கள். இப்போதைய 401(கே)-க்களில் நிறுவனம் ஈடாகத் தரும் அளவுக்கு மட்டும் போட்டு, அதற்கு மேல் போட்டுவந்ததை 2026 செப்டம்பர்வரை சேமிப்புக் கணக்குக்குத் திருப்புங்கள். அபராதம் ஏதும் இல்லை. கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கையிலிருந்து 4,000 டாலர் செலவானால் உங்கள் வருமானத்துக்குக் கட்ட வேண்டிய கூட்டரசு வரியிலேயே 2,500 டாலர் முழுதாகக் குறையும், நான்கு ஆண்டுகளுக்கு. பிறகும் குறைந்தால் மகள் பெயரில் முதலாண்டுக்கு 5,500 டாலர் கூட்டரசுக் கடன். பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடனைக் கடைசியில் வையுங்கள். 2026 ஜூலை முதல் அதற்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பும் வருகிறது.

ஏப்ரலில் கடிதங்கள் வந்ததும் ஒரு தாளில் உறுதியான வரிகளை இடப்பக்கமும் ‘உத்தேசம்’ என்றவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள். இடப்பக்கத்தை மட்டும் கூட்டி, எந்தக் கல்லூரிக்கு உங்களால் நான்கு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும் என்று மகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.