நூலின் பிரிவுகளுக்கு இயல், அதிகாரம், படலம், அத்தியாயம் என்று இத்தனை பெயர்கள் ஏன்? என் நூலுக்கு எதைப் போடுவது?

கேட்டவர் ஓர் ஊர் வரலாறு எழுதி முடித்திருக்கிறார். பிரிவுகளுக்கு என்ன பெயர் வைப்பது, இந்தப் பெயர்களில் எது பெரியது, எது சிறியது என்று கேட்டிருக்கிறார். நான் சேலத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். உள்ளூர் எழுத்தாளர்கள் கையெழுத்துப் படியோடு வரும்போது பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூலை விட்டுத் தனியாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சொற்களுக்குள் பெரியது, சிறியது கிடையாது. தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என்று 3 அதிகாரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 9 இயல்கள். ஆக, அங்கே அதிகாரம் பெரியது. திருக்குறளில் அப்படியே தலைகீழ். பரிமேலழகர் உரையோடு வரும் பதிப்பைப் புரட்டினால் பாலுக்குள் இயல், இயலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். இல்லறவியல் என்ற ஓர் இயலுக்குள்ளேயே 20 அதிகாரங்கள் இருக்கின்றன. விவிலியத்துக்குப் போனால் அதிகாரத்துக்குக் கீழே வசனம். இயல் என்ற பேச்சே இல்லை. ஏற்காட்டில் மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்தவரிடம் அதிகாரம் என்றால் "யோவான் மூன்றாம் அதிகாரம்" என்றுதான் காதில் விழும். தமிழாசிரியருக்கு வான் சிறப்பும் விருந்தோம்பலும் நினைவுக்கு வரும். இரண்டு பேருமே சரி.

அப்படியானால் பெயர்களை எப்படிப் பிரித்தார்கள்? தொல்காப்பியரே செய்யுளியலில் சொல்லிவிட்டார். நூலுக்கு நான்கு உறுப்புகள்: சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம். ஒரு பொருளைச் சொல்லி முடிப்பது சூத்திரம். ஒரே இனத்து மணிகளை வரிசையாக வைப்பதுபோல ஓரினப் பொருளை ஓரிடத்தில் வைத்தால் அது ஓத்து. பல வகைப் பொருள் கலந்து வந்து, பொதுவான ஒன்றால் தொடர்ந்தால் படலம். இந்த மூன்றையும் அடக்கிய முழுமை பிண்டம். உரைகாரர்கள் ஓத்தை இயல் என்றும் படலத்தை அதிகாரம் என்றும் கொண்டார்கள். நன்னூலும் ஓத்துக்கும் படலத்துக்கும் இதே இலக்கணத்தைத்தான் எடுத்து வைக்கிறது. இங்கே பக்கக் கணக்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது ஓரினமா, பல இனமா என்பதுதான் அளவுகோல். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். இன்றைக்கும் ஒரு கையெழுத்துப் படி வந்தால் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

காப்பியங்களில் பெயர்கள் இன்னும் நுட்பமாக வேலை செய்கின்றன. சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என 3 காண்டங்கள், 30 காதைகள் என்று பள்ளியில் படித்திருப்போம். பொருளடக்கத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள், முப்பதும் காதை என்று முடியாது. அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை என்று கதையைச் சொல்லிக்கொண்டே போகும் பகுதிகள் காதை. மாதவியும் கோவலனும் கடற்கரையில் யாழோடு பாடுவது கானல்வரி. ஆயர்பாடியில் மாதரியும் மற்ற ஆய்ச்சியரும் கண்ணன் கதையை ஆடிப் பாடுவது ஆய்ச்சியர் குரவை. கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகிக்கு வந்து சேர்வது துன்ப மாலை. அங்கே பாட்டா, கூத்தா, கதையா என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆய்ச்சியர் குரவையின் ஆடல் பாடலுக்குப் பக்கத்திலேயே துன்ப மாலை வந்து நிற்பதைப் பொருளடக்கத்தில் பார்க்கும்போதே மனம் கனத்துவிடும்.

சீவக சிந்தாமணியில் 13 இலம்பகங்கள். காந்தருவதத்தையார் இலம்பகம், குணமாலையார் இலம்பகம் என்று சீவகன் மணந்த பெண்கள் பெயரில் பல. கல்வி கற்றதை நாமகள் இலம்பகம் என்றும், நாட்டை மீட்டதை மண்மகள் இலம்பகம் என்றும், ஆட்சித் திருவை அடைந்ததைப் பூமகள் இலம்பகம் என்றும் வைத்திருக்கிறார் திருத்தக்கதேவர். கல்வியையும் மண்ணையும் செல்வத்தையும்கூடத் திருமணமாகவே பார்க்கிறார். மணநூல் என்று அதற்கு ஏன் பெயர் வந்தது என்பது பொருளடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கம்பர் 6 காண்டங்களையும் படலங்களாகப் பிரித்தார். ஆற்றுப்படலம் சிறியது; நூறு பாட்டைத் தாண்டும் படலங்களும் உண்டு. தேம்பாவணியில் வீரமாமுனிவர் 3 காண்டம், 36 படலம் என்றும், சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் 3 காண்டம், 92 படலம் என்றும் அதே வழியில் போனார்கள். கதை எந்தச் சமயத்தினுடையதாக இருந்தாலும் தமிழில் பெருங்காப்பியம் பாட வந்தவர்களுக்குக் காண்டமும் படலமும் கைக்குப் பழகியிருந்தன. பெரியபுராணத்தில் 2 காண்டம், 13 சருக்கம். திருமந்திரத்தில் 9 தந்திரம். பிள்ளைத்தமிழில் 10 பருவம். அதே பருவம் வில்லிபாரதத்துக்கு வந்தால் கதையின் பெரும்பிரிவு.

சரி, இன்றைய அச்சு நூலுக்கு வருவோம். நாவலுக்குப் பாகம், அத்தியாயம் என்பது வாசகருக்குப் பழகிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. ஆய்வு நூலுக்கு இயல் பொருந்தும். தமிழ்த்துறை ஆய்வேடுகளிலும் அதுதான் வழக்கம், அரசுப் பள்ளித் தமிழ்ப் பாடநூலிலும் உரைநடை உலகம், கவிதைப்பேழை எல்லாம் இயலுக்குள்தான் வருகின்றன. பாகம், தொகுதி இரண்டையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாகம் எழுதியவர் செய்த பிரிவு. தொகுதி பெரும்பாலும் பைண்டிங்கின் வசதி. பொன்னியின் செல்வனின் 5 பாகங்களை ஐந்து புத்தகமாகவும் வாங்கலாம், ஒரே கட்டாகவும் வாங்கலாம். எப்படி வாங்கினாலும் பாகம் ஐந்துதான். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தை 10 தொகுதிகள் என்கிறோம். அகர வரிசையில் போகும் நூலுக்கு அதுதான் சரி.

காப்பியப் பெயர்களை ஊர் வரலாற்றுக்கு எடுப்பதை நான் பொதுவாகத் தடுப்பேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா தன் நினைவுகளை எழுதிக்கொண்டு வந்தார். அருமையான எழுத்து. பழம் பறிக்கும் பருவத்தில் கூடை எடை போடும் இடத்தில் நடக்கும் பேச்சை அவர் எழுதியிருப்பதை யாராலும் எழுத முடியாது. ஆனால் எட்டுப் பத்துப் பக்கத்துக்கு ஒரு காண்டம் போட்டிருந்தார். "ஏனுங்க, காண்டம்னு போட்டா கொஞ்சம் எடுப்பா இருக்குமில்லீங்களா?" என்றார். "எடுப்பாத்தான் இருக்கும் ஐயா. ஆனா காண்டம்னு பார்த்ததும் வாசகர் பெரிய கதை ஒண்ணை எதிர்பார்ப்பாரு. பத்தே பக்கத்துல முடிஞ்சா ஏமாந்துருவாரு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவர் நினைவுகளும் அடிவாரத்தில் தொடங்கி மேலே போகின்றன. "அப்போ வளைவுன்னு போட்டுக்கலாமுங்களா?" என்றார். முதல் வளைவு, இரண்டாம் வளைவு என்று போட்டோம். தான் பாடும் பொருளுக்கு ஏற்ற பெயரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை காப்பியப் புலவருக்கு இருந்ததுபோல அவருக்கும் உண்டு.

நூலின் முன்பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று நன்னூல் பெயர்களை அடுக்குகிறது. எல்லாம் ஒன்றுக்கே வெவ்வேறு பெயர்கள். இன்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். வேறொருவர் எழுதினால் அணிந்துரை, பதிப்பாளர் எழுதினால் பதிப்புரை, எழுதியவரே எழுதினால் என்னுரை அல்லது முன்னுரை. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் இவர்களில் ஒருவர்தான் சிறப்புப்பாயிரம், அதாவது அந்த நூலுக்கென்றே எழுதும் பாயிரம், செய்ய வேண்டும் என்பது நன்னூல் விதி. அதாவது, நூலையோ நூலாசிரியரையோ நன்றாக அறிந்தவர். படிக்காமலே பாராட்டும் வாழ்த்துரைகளை நாலைந்து சேர்த்தால் ஃபாரம்தான், அதாவது அச்சுத் தாள்தான், கூடும். நூலைப் படித்த ஒருவரின் அணிந்துரை போதும்.

இனி உங்கள் ஊர் வரலாறு. கோயில்கள் ஒரு பக்கம், நீர்நிலைகள் ஒரு பக்கம், நெசவு ஒரு பக்கம் என்று ஓரினமாகப் பிரித்திருந்தால் தயங்காமல் இயல் என்று போடுங்கள். காலவரிசையில் கோயிலும் ஏரியும் தறியும் கலந்தே வந்தால் பகுதி என்பது போதும். அதற்குள் துணைத்தலைப்புகள் கொடுங்கள். அதிகாரம் வேண்டாம், திருக்குறளும் விவிலியமும் அதை நிரப்பி வைத்திருக்கின்றன. எதைப் போட்டாலும் பொருளடக்கத்தில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிபி செய்பவரிடம் மேட்டரைக் கொடுக்கும் முன்பே பிரிவுப் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். பக்கம் போட்ட பிறகு மாற்றினால் பக்கத் தலைப்புகள், அடிக்குறிப்புகள், சொல்லடைவு எல்லாவற்றிலும் தேடித் தேடி மாற்ற வேண்டியிருக்கும்.