வாசகர் கேள்வி – பதில்: நொய்யலில் இருந்து வரையத் தொடங்குங்கள்

கேள்வி: கோடை விடுமுறையில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 24 பேருக்கு இரண்டு நாள் ஓவியப் பட்டறை நடத்தப்போகிறோம். கோவையின் பழமையை அடுக்கடுக்காகக் காட்ட வேண்டும். போன முறை ஆயில் பேஸ்டலை மூன்று பூச்சாகப் பூசிச் சுரண்ட வைத்தோம், எல்லாம் சேறாகிவிட்டது. வேறு வழி சொல்லுங்கள்.
– ஓவிய ஆசிரியை, சூலூர்

பதில்: பேஸ்டல் எண்ணெய்ப் பசை, காயவே காயாது. வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம் என இரண்டு பூச்சு தாங்கும். மூன்றாவதைத் தேய்க்கும்போதே கீழுள்ளவை குழைந்து மேலே வந்துவிடும். நாலைந்து காலத்தைக் காட்ட ஓஎச்பி ஷீட்தான் (கீழே உள்ளது தெரியும் பிளாஸ்டிக் தாள்) சரி.

நால்வருக்கு ஒரு குழு, ஆக ஆறு குழு. குழுவுக்குத் தடித்த வெள்ளை அட்டை ஒன்று, அதே அளவில் ஷீட் மூன்று. கெட்டுப்போவதற்கும் சேர்த்து 24 ஷீட் வாங்குங்கள். பெர்மனன்ட் மார்க்கர் நீலம், பழுப்பு, சிவப்பு, கறுப்பு குழுவுக்கு ஒவ்வொன்று. சாதாரண ஸ்கெட்ச் பேனா ஷீட்டில் முத்து முத்தாகத் திரண்டு கையில் ஒட்டும். மார்க்கரில் தப்பு வந்தால் பஞ்சில் சானிடைசர் தொட்டுத் துடைக்கலாம். அதை நீங்களே செய்யுங்கள்.

அட்டையில் முதலில் நிலம் மட்டும், நீலத்தில்: வெள்ளியங்கிரியிலிருந்து கிழக்கே வரும் நொய்யல், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம், மேற்கே மலை விட்டுக்கொடுக்கும் பாலக்காட்டுக் கணவாய். பழுப்பு ஷீட்டில் பேரூர், ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர், சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் கல்வெட்டு உள்ள ராஜகேசரிப் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலை. சிவப்பில் மைசூர்ப் போர்களில் கைமாறிய கோட்டை. இன்று கோட்டை இல்லை, கோட்டைமேடு என்ற பெயர் இருக்கிறது. கறுப்பில் 1866இல் நகராட்சி ஆன ஊர், ரயில் பாதை, 1888இல் வந்த முதல் நூற்பாலை, 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய மில்கள்.

இன்றைய ஊரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகாதீர்கள். தண்ணீரும் கணவாயும் முதலில் கண்ணில் பட்டால்தான் மற்றவை ஏன் அங்கே வந்தன என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள். கறுப்பு ஷீட்டைப் பழுப்பின் மேல் வையுங்கள். பெருவழியும் ரயிலும் ஒரே கணவாயை நோக்கிப் போவது தெரியும். “அப்பவும் இப்பவும் ஒரே சந்துலதான் போறாங்களாங்க?” என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் பட்டறையின் பாதி வேலை முடிந்தது.

இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, ஷீட் நகர்ந்துவிடும். அட்டையின் இரு மூலையில் கூட்டல் குறி போட்டு எல்லா ஷீட்டிலும் அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். இடது ஓரத்தைச் செல்லோடேப்பால் கீல்போல ஒட்டுங்கள். இன்னொன்று, பிள்ளைகள் வண்ணம் நிரப்புவார்கள். கீழுள்ள அடுக்கு மறைந்துபோகும். கோடும் சிறு குறியும் மட்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கோயில் கல்வெட்டின் மேல் தாளை வைத்து கிரேயான் தேய்த்துப் படி எடுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா?
– பெற்றோர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். தாள் கிழிந்தால் மெழுகு கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிடும், எடுக்க முடியாது. தொல்லியல் துறையினர் மை தடவி எடுக்கும் மைப்படி வேறு முறை, அதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். மங்கிய எழுத்தைப் படிக்க, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

தேய்க்கும் ஆசைக்கு நீங்களே கல்வெட்டு செய்யுங்கள். ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டில் தமிழெழுத்தும், வளைவு வளைவான பழைய எழுத்தான வட்டெழுத்தும் உண்டு. வட்டெழுத்தின் வளைவை அட்டையில் வெட்டுவது சிரமம். மெல்லிய சணல் கயிற்றை ஃபெவிக்காலில் வளைத்து ஒட்டுவது எளிது. ஓர் இரவு காயவிடுங்கள், ஈரம் இருந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய தாள் வைத்து, கிரேயானின் உறையை உரித்துப் படுக்கை வாக்கில் தேய்க்க வேண்டும். முனையால் தேய்த்தால் கிழியும்.

கேள்வி: கொடுமணல் அகழாய்வில் (ஈரோடு மாவட்டம்) கிடைத்த பழைய பானை ஓடுகளைப் போலப் பிள்ளைகள் செய்ய என்ன வழி? களிமண்ணில் எழுதினால் பிசிறு பிசிறாக வருகிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: கொடுமணலில் கிடைத்த, தமிழி (பழந்தமிழ் எழுத்து) பொறித்த ஓடுகளில் பல, சுட்ட பானையில் பிறகு கீறப்பட்டவை. ஆகவே களிமண்ணை விட்டுவிட்டு, மண்பாண்டம் விற்பவரிடம் உடைந்த பானைகளைக் கேளுங்கள். விளிம்பை உப்புத்தாளால் மழுக்குங்கள். அந்த ஓடுகளை நனைத்து (தூசி பறக்காது), இரண்டங்குல ஆணியால் பேரைக் கீறச் சொல்லுங்கள். நேர்க்கோடு வழுக்கிக்கொண்டு வரும், வளைவு முரண்டு பிடிக்கும். தமிழி எழுத்து ஏன் கோடு கோடாக இருக்கிறது என்பதற்குக் கையே ஒரு காரணம் சொல்லும்.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்ற நிறத்துக்கு உள்பக்கம் போஸ்டர் கலர் பூசினால் போதும். அந்தக் காலத்தில் பானையைக் கவிழ்த்துச் சுட்டார்கள். காற்றுப் படாத உள்புறமும் வாயும் கறுத்தன.

கொடுமணலுக்கே அழைத்துப் போனால், தரையில் கிடக்கும் ஓட்டை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. எந்த ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் செய்தி. பார்த்து, வரைந்துகொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.